மே மாத வெயிலில் சரிந்த இரண்டடுக்குப் பிறந்தநாள் கேக்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் ஒரு வீட்டு அடுப்படி. மே மாதம். முதல் பிறந்தநாளுக்கு 50 பேருக்கான கேக். கீழே 8 இன்ச், மேலே 6 இன்ச், இரண்டும் 4 இன்ச் உயரம். உள்ளே ஸ்பான்ஜும் பங்கனப்பள்ளி மாம்பழமும், வெளியே விப்பிங் க்ரீம். கீழ் அடுக்கு நீல வானம், அதில் வெள்ளை மேகங்கள். மேல் அடுக்குக்கு வெளிர் நிற ஃபாண்டன்ட் (மாவுபோல் திரட்டிப் போர்த்தும் சர்க்கரைப் பூச்சு), உச்சியில் ஃபாண்டன்டில் செய்த யானைக்குட்டி. குளிரூட்டி இல்லாத மண்டபம். காரில் 45 நிமிடப் பயணம்.

பிற்பகல் 3.30க்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது கேக் அப்பழுக்கில்லாமல் இருந்தது. 5 மணிக்கு மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது கீழ் அடுக்கின் நடுவயிறு பிதுங்கியிருந்தது. 6 மணிக்கு மேல் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. ஃபாண்டன்ட் வியர்த்து, பசைபோலப் பளபளத்தது. யானை முன்காலில் மடிந்து உட்கார்ந்துவிட்டது. நீலம் மேகங்களுக்குள் இறங்கியது. அழைப்பிதழில் 6.30 என்று போட்டிருந்த கேக் வெட்டு 7.30க்குத்தான் நடந்தது. அதற்குள் மேல் அடுக்கைத் தனியே இறக்கித் தட்டில் வைக்க வேண்டியதாயிற்று.

சுவையில் ஒரு குறையும் இல்லை, சாப்பிட்ட எல்லோரும் நன்றாக இருந்ததாகவே சொன்னார்கள். இதைக் கவனிக்க வேண்டும். ஸ்பான்ஜ் பதம், இனிப்பு, கைவேலை எல்லாம் சரியாக இருந்தும் அலங்காரம் நிற்கவில்லை. இப்படி நடந்தால் வீட்டில் கேக் செய்பவர்கள் முதலில் க்ரீம் பிராண்டைத்தான் மாற்றுவார்கள். இந்தக் கேக்கில் க்ரீம் பழுதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். பழுது தொடங்கியது காலை 10 மணிக்கு, ஸ்பான்ஜை அறுத்தபோது.

வயிறு பிதுங்கியது ஏன்

ஸ்பான்ஜ் அன்று காலை 8 மணிக்கு ஓவனிலிருந்து வந்தது. இரண்டு மணி நேரத்தில் மேல்தோல் ஆறிவிடும், நடுப்பகுதி ஆறாது. 8 இன்ச் கேக்கின் நடுவில் விரலை வைத்துப் பார்த்தால் தெரியாது. அறுத்து, அறுத்த முகத்தில் புறங்கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். அந்த வெதுவெதுப்பின் மேல் பூசிய க்ரீம் உள்ளிருந்தே இளகத் தொடங்கிவிட்டது. புது ஸ்பான்ஜ் தன் எடையில் கொஞ்சம் அமுங்கவும் செய்யும். அமுங்கி முடிவதற்குள் வெளிப்பூச்சு பூசினால், பிறகு அமுங்கும்போது நடுவில் இருக்கும் ஃபில்லிங்கும் காற்றும் பக்கவாட்டில் தள்ளப்படும். வெளியே அது ஒரு வளையமாகப் பிதுங்கித் தெரியும்.

இரண்டாவது, மாம்பழம். பச்சையாக நறுக்கிய துண்டுகளைச் சர்க்கரை சேர்ந்த க்ரீமில் கலந்து நடுவில் வைத்திருந்தார்கள். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் அரை மணியில் கிண்ணத்தில் நீர் நிற்கும். சர்க்கரையும் பழத்திடம் அதையேதான் செய்யும். அந்த நீர் க்ரீமை இளக்கி ஸ்பான்ஜுக்குள் இறங்கியது. ஸ்பான்ஜ் ஏற்கெனவே அறுத்த ஒரு தட்டுக்கு 60 மில்லி சர்க்கரைப் பாகு குடித்திருந்தது. நனைந்த ஸ்பான்ஜுக்கு எடை தாங்கும் வலு கிடையாது. (அன்னாசி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. வேகவைக்காத அன்னாசியிலுள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைத்துக் க்ரீமைக் கசக்க வைக்கும். அன்னாசியைச் சர்க்கரையோடு கொதிக்க வைத்து ஆறவிட்ட பிறகே சேர்க்க வேண்டும்.)

மூன்றாவது, கரைகட்டாதது. ஃபில்லிங் வைக்கும் முன் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, கெட்டியான பட்டர்க்ரீமை ஒரு வளையமாகப் பிழிய வேண்டும். வயலுக்கு வரப்பு மாதிரி. இந்தக் கேக்கில் வரப்பே இல்லை. விப்பிங் க்ரீமால் வரப்பு கட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, அது எடைக்கு நசுங்கிவிடும்.

சாய்வு

மேல் அடுக்கு சுமார் 1.2 கிலோ. அதன் அடியில் அட்டை இல்லை. இரண்டு அடுக்குக்கும் நடுவே ஒரு கபாப் குச்சி மட்டும் செருகியிருந்தது. அடுக்குக் கேக்கில் மிக அதிகம் நடக்கும் தவறு இதுதான், காரணமும் எளியது. நடுக்குச்சி மேல் அடுக்கை வழுக்காமல் பிடிக்கும், அதன் எடையைத் தாங்காது. எடை தாங்குவது கீழ் அடுக்கில் நிறுத்தும் தூண்களும், அவற்றின் மேல் உட்காரும் அட்டையும். தூண் இருந்து அட்டை இல்லையென்றால் தூண்கள் மேல் கேக்கைக் குத்திக்கொண்டு மேலேறும். அட்டை இருந்து தூண் இல்லையென்றால் அட்டையோடு சேர்ந்து அமுங்கும். இரண்டும் வேண்டும்.

காரில் பெட்டி பின்சீட்டில் இருந்தது. கார் சீட் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். சமதளம் என்று கண்ணுக்குத் தோன்றும் அந்தச் சரிவில் 45 நிமிடம் இருந்த கேக், பிடிமானம் இல்லாத மேல் அடுக்கைத் தாழ்ந்த பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தது. வேகத்தடைகள் மிச்சத்தைச் செய்தன.

வியர்வையும் நிறமும்

ஃபாண்டன்ட் என்பது கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரை. ஈரம் கண்ட இடத்தில் உறிஞ்சும், உறிஞ்சியதும் கரையும். விப்பிங் க்ரீமில் பெரும்பகுதி தண்ணீர். அதன் மேல் ஃபாண்டன்ட் போர்த்தினால் அடிப்பக்கம் அன்றே இளகத் தொடங்கும். இங்கே மேற்பக்கத்திலிருந்தும் தாக்குதல் வந்தது. 4 டிகிரி ஃப்ரிட்ஜிலிருந்து வந்த கேக்கை வெளிக்காற்றில் அப்படியே திறந்ததும், குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் நனைவதுபோலக் காற்றின் ஈரம் கேக்கின் மேல் படிந்தது. யானை செய்யும்போது, ஃபாண்டன்டைக் கெட்டியாக உலர வைக்கும் டைலோஸ் தூள் சேர்க்கவில்லை. முந்தின இரவுதான் செய்தார்கள், உலர நேரம் இல்லை, அதையும் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். கால் மடிந்ததில் வியப்பில்லை.

நீலம் மேகத்துக்குள் இறங்கியதும் அதே ஈரத்தால்தான். கடையில் வாங்கிய திரவ நிறத்தை, ஆழ்நீலம் வரும்வரை ஒரு மூடிக்கு மேல் ஊற்றியிருந்தார்கள். நிறம் கலந்ததும் தெரியும் சாயல் இறுதிச் சாயல் அல்ல, சில மணி நேரத்தில் அது தானாகவே அடர்த்தியாகும். இது தெரியாமல் ஊற்றிக்கொண்டே போனால் மறுநாள் நாக்கும் பல்லும் நீலமாகும், ஈரம் பட்டால் ஓடும்.

அதே வடிவம், மறுமுறை

ஜூன் முதல் வாரத்தில், வேறொரு குழந்தையின் பிறந்தநாளுக்கு, அதே அடுப்படியில் அதே வடிவத்தை மறுபடி செய்தார்கள். வெயில் பெரிதாகக் குறையவில்லை. மண்டபமும் மின்விசிறி மட்டும் உள்ள இடம்தான். வேலையை நான்கு நாளுக்குப் பிரித்தார்கள்.

மூன்று நாள் முன்பு யானை. 250 கிராம் ஃபாண்டன்டுக்கு ஒரு டீஸ்பூன் டைலோஸ் பிசைந்து, மூடி அரை மணி வைத்து, பிறகு உருவம். கால்களுக்குள் வேகவைக்காத ஸ்பகெட்டித் துண்டு செருகினார்கள். பல்குத்தும் குச்சியை விட இது நல்லது, தின்னக்கூடிய பொருள். சோள மாவு தூவிய தட்டில், மின்விசிறிக் காற்றில் மூன்று நாள். தினம் ஒருமுறை திருப்பி வைத்தால் அடிப்பக்கமும் உலரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஐந்து நாள் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு நாள் முன்பு ஸ்பான்ஜ். காற்றை நம்பி எழும் மெல்லிய ஸ்பான்ஜை விட்டுவிட்டு வெண்ணெய் ஸ்பான்ஜுக்கு மாறினார்கள். 8 இன்ச்சுக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா, ஓடு நீக்கிய முட்டை எல்லாம் தலா 300 கிராம் (முட்டை ஆறு வரும்), பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், பால் 70 மில்லி, வெனிலா 2 டீஸ்பூன். 6 இன்ச்சுக்குத் தலா 170 கிராம். முட்டையை எண்ணாமல் உடைத்து எடை போடுவதுதான் சரி. ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு டின். 160 டிகிரியில் பெரியது 40 முதல் 45 நிமிடம், சிறியது 35 நிமிடம். டின்னைச் சுற்றி நனைத்துப் பிழிந்த பருத்தித் துணிப் பட்டையைக் கட்டினால் ஓரம் சீக்கிரம் வேகாது, நடு மலைபோல் எழாது, வெட்டித் தள்ள வேண்டியது குறையும். கம்பித் தட்டில் முழுக்க ஆறிய பிறகு க்ளிங் ராப்பில் இறுக்கிச் சுற்றி இரவு முழுதும் ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். குளிர்ந்த ஸ்பான்ஜ் உதிராமல் அறுபடும்.

அன்றே மாம்பழக் கூழ். 500 கிராம் கூழுக்குச் சர்க்கரை 60 கிராம், சோள மாவு 25 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன். சோள மாவைப் பச்சைக் கூழிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். குமிழி வந்த பிறகும் ஒரு நிமிடம் கிண்ட வேண்டும். அதற்கு முன் இறக்கினால் மாவு வாசம் நிற்கும், மறுநாள் நீர் பிரியும். ஆறிய கூழ் கரண்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது.

முந்தின நாள் அடுக்குதல். ஒவ்வொரு ஸ்பான்ஜையும் இரண்டாக அறுத்தால் 2 சென்டிமீட்டர் கனத்தில் நான்கு தட்டு. பாகு 8 இன்ச் தட்டுக்கு 30 மில்லி மட்டும், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, பிரஷ்ஷால் தடவினார்கள். வரப்பு கட்டி உள்ளே 150 கிராம் மாம்பழக் கூழ். நான்கும் அடுக்கியதும் க்ளிங் ராப் சுற்றி, மேலே ஒரு தட்டும் அதன் மேல் அரை கிலோ பருப்புப் பாக்கெட்டும் வைத்து மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் விட்டார்கள். அமுங்க வேண்டியது இங்கேயே அமுங்கிவிடும். பிதுங்கியதைக் கத்தியால் வழித்த பிறகுதான் முதல் பூச்சு. பிதுங்கலைத் தடுத்ததில் பாதிப் பங்கு இந்த மூன்று மணி நேரத்துக்கு உண்டு. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கீழ் அடுக்குக்கு விப்பிங் க்ரீமுக்குப் பதில் பட்டர்க்ரீம். உப்பில்லா வெண்ணெய் 300 கிராம், பேக்கரி ஷார்ட்னிங் (வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பு) 150 கிராம், ஐசிங் சுகர் 700 கிராம், பால் 2 டேபிள்ஸ்பூன். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மதுரை மண்டபத்தில் அதை மட்டும் நம்ப முடியாது, ஷார்ட்னிங் இன்னும் சில டிகிரி தாக்குப்பிடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் வாயின் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும். லேபிளில் டிரான்ஸ் கொழுப்பைப் பார்த்து வாங்க வேண்டும். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் விதி. வீட்டு மிக்ஸியில் சர்க்கரை அரைத்தால் ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவு சேர்த்து அரைத்து இருமுறை சலிக்க வேண்டும். இல்லையென்றால் பூச்சு நறநறக்கும், சின்ன நாசில் அடைத்துக்கொள்ளும்.

நீலத்தில் ஒரு நுட்பம். நம் ஊர் வெண்ணெய் மஞ்சள் சாயல் உடையது, அதில் நீலம் கலந்தால் பச்சைதான் வரும். முதலில் வெண்ணெயை மட்டும் 7, 8 நிமிடம் அடித்து வெளுக்க வைத்தார்கள். பிறகு பல்குத்தும் குச்சி முனையில் தொட்ட அளவு ஊதா ஜெல் நிறம். ஊதா மஞ்சளை அடக்கிவிடும். அதன் பிறகே நீல ஜெல், நினைத்த சாயலுக்கு ஒரு படி வெளிறியதாக நிறுத்தி, மூடி இரவு முழுதும் வைத்தார்கள். காலையில் வேண்டிய வானம் வந்திருந்தது. மறுபடி மெதுவான வேகத்தில் இரண்டு நிமிடம் அடித்தால் காற்றுக் குமிழிகள் போய்ப் பூச்சு வழவழப்பாகும்.

முதல் பூச்சு மெல்லியது, ஸ்பான்ஜ் தெரிந்தாலும் பரவாயில்லை, உதிர்தூளைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. 30 நிமிடம் குளிர்ந்த பிறகு இரண்டாவது பூச்சு. ஸ்கிரேப்பரைக் கேக்குக்கு 45 டிகிரியில் அசையாமல் பிடித்து டர்ன்டேபிளைத்தான் சுற்ற வேண்டும், கையைச் சுற்றினால் வரி விழும். வெந்நீரில் நனைத்துத் துடைத்த ஸ்கிரேப்பரால் கடைசி ஒரு சுற்று. பூச்சின் மேல்தோல் காய்ந்து விரலில் ஒட்டாமல் ஆன பிறகு மேகங்கள்: 8, 10, 12 எண் வட்ட நாசில்களால் பொட்டு வைத்து, சின்ன ஸ்பூன் முதுகால் ஒரு பக்கமாக இழுத்தார்கள். இப்படிக் காய்ந்த பரப்பின் மேல் நிறம் ஓடாது.

மேல் அடுக்கில் விப்பிங் க்ரீம் சுத்தமாக இல்லை. காம்பவுண்ட் டார்க் சாக்லேட் 600 கிராமுக்கு 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீம் 240 கிராம் சேர்த்த கனாஷ், உள்ளேயும் வெளியேயும். குளிர்காலத்தில் இரண்டுக்கு ஒன்று போதும், கோடைக்கு இரண்டரைக்கு ஒன்று. வெள்ளை சாக்லேட் என்றால் நான்குக்கு ஒன்று வரை போக வேண்டும். கனாஷ் இரவு உறைந்து கல்போல் நின்ற பிறகு, கொதித்து ஆறிய தண்ணீரை மெல்லத் தடவி ஃபாண்டன்ட் போர்த்தினார்கள். 6 இன்ச் அகலம், இருபக்க உயரம் 4 மற்றும் 4, ஓரத்துக்கு இரண்டு: 16 இன்ச் வட்டம் திரட்ட வேண்டும். 4 மில்லிமீட்டர் கனத்துக்கு 700 கிராம் பிடிக்கும். கிட்டத்தட்டப் பாதி வெட்டி மிஞ்சும், அதைக் காற்றுப்படாமல் கட்டி வைத்தால் அடுத்த வேலைக்கு ஆகும். இந்த அடுக்கு ஃப்ரிட்ஜைப் பார்க்கவே இல்லை. குளிரூட்டிய அறையில் 24 டிகிரியில், அட்டைப் பெட்டிக்குள் இரவைக் கழித்தது.

பெயரும் வாழ்த்தும் தனித் தகட்டில். 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்பதை 15 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே வரியில் பிழிந்தால் புள்ளியும் கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஆகவே இரண்டு வரி. அளவுத்தாளில் எழுதி மேலே பட்டர் பேப்பர் விரித்து, உருக்கிய காம்பவுண்ட் சாக்லேட்டை எண் 2 நாசிலால் அதன் மேல் ஓட்டி, குளிர்ந்ததும் உரித்து ஒட்டினார்கள். சுழித்து எழுதும் தமிழ் எழுத்துக்கு இது நேரடியாகக் கேக்கில் எழுதுவதை விட நிம்மதி. கை நடுங்கினால் தாளை மாற்றினால் போதும்.

மண்டபத்தில்

இரண்டு அடுக்கும் தனித்தனிப் பெட்டியில் போயின. காரின் குளிரூட்டியை அரை மணி முன்பே போட்டு, பெட்டிகளைப் பின் டிக்கியின் சமதளத்தில் வழுக்காத ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார்கள். மண்டபம் போனதும் குளிர்ந்த கீழ் அடுக்கின் பெட்டியை 40 நிமிடம் திறக்கவில்லை. படிய வேண்டிய ஈரம் அட்டைப் பெட்டியின் மேல் படிந்தது. பெட்டி திறந்த பிறகும் பூச்சில் சில முத்துகள் நின்றன. துடைத்தால் தடம் விழும் என்பதால் தொடாமல் விட்டார்கள், தானாக உலர்ந்தன.

தூண்களாக பபுள் டீ குடிக்கும் தடித்த ஸ்ட்ரா நான்கு, நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி. ஒன்றைச் செருகி, கேக் மட்டத்தில் குறித்து, வெளியே எடுத்து வெட்டி, மற்ற மூன்றையும் அதே நீளத்துக்கு வெட்டினார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அளந்து வெட்டினால் கேக்கின் மேடுபள்ளம் தூண்களுக்கு வந்துவிடும். அதன் மேல், அடியில் 6 இன்ச் அட்டையோடு மேல் அடுக்கு. அட்டையின் நடுவில் முன்பே ஒரு துளை இட்டிருந்ததால், கூர் சீவிய மரக்குச்சி உச்சியிலிருந்து அடி போர்டு வரை இறங்கியது. குச்சித் துளையின் மேல் யானை உட்கார்ந்தது. மொத்த வேலை 15 நிமிடம்.

இந்தக் கேக் சுமார் 4.5 கிலோ, சரிந்த கேக்கை விட ஒன்றரை கிலோ அதிகம். மேல் அடுக்கு மட்டும் 1.9 கிலோ. ஆனாலும் மாலை 5.15 முதல் வெட்டும்வரை இரண்டரை மணி நேரம் நூல் பிடித்ததுபோல் நின்றது. முடிவில் கீழ் விளிம்பில் பட்டர்க்ரீம் கொஞ்சம் மென்மையானது, அவ்வளவே. ஃபோட்டோகிராஃபரின் ஃபோகஸ் லைட் கேக் மேசைக்கு நேரே இருந்ததை மாற்றி வைக்கச் சொன்னதும் இதற்கு உதவியது.

மேசை அலங்காரத்தில் ஒன்றைத் தடுக்க வேண்டியிருந்தது. மண்டபத்தில் மீந்த மாலையிலிருந்து அரளியைக் கிள்ளிக் கேக்கைச் சுற்றி வைக்க ஒருவர் முனைந்தார். அரளி முழுச் செடியும் நஞ்சு, செங்காந்தளும் அப்படியே. கேக்கில் படும் எந்தப் பூவும் உண்ணத் தகுந்ததாகவும், மருந்து தெளிக்காததாகவும் இருக்க வேண்டும். 'நான்-டாக்ஸிக்' என்று மட்டும் எழுதிய மினுமினுப்புத் தூளும் தின்பதற்கு உரியதல்ல, டப்பாவில் உண்ணத்தக்கது என்ற குறிப்பு இருக்க வேண்டும். மெழுகுவத்தி எரியும்போது ஸ்னோ ஸ்ப்ரே அடிப்பதை அடியோடு தடுக்க வேண்டும். கேக் பாழாவது ஒரு பக்கம், அது தீப்பிடிக்கும்.

வெட்டும்போது முதலில் யானையை எடுத்து, நடுக்குச்சியை மேலே உருவி, மேல் அடுக்கை அட்டையோடு இறக்க வேண்டும். பிறகு கீழ் அடுக்கின் ஸ்ட்ராக்கள். முக்கோணமாக வெட்டாமல் ஒன்றரை இன்ச் இடைவெளியில் நேர்கோடாக அறுத்து, ஒவ்வொரு பலகையையும் ஒரு இன்ச் துண்டாக்கினால் 50 பேருக்கும் வந்துவிடும். துண்டு போடத் தொடங்கும் முன் எடுத்தவற்றை எண்ண வேண்டும்: ஸ்ட்ரா நான்கு, குச்சி ஒன்று. ஐந்தும் தட்டில் வந்த பிறகே முதல் துண்டு குழந்தையின் கைக்கு.